கைநாட்டு
(புதுச்சேரியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க அப்பாவை ஊர்ல ‘கைநாட்டு’ன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பேரை அழிக்கத்தான் பாகூர் பக்கத்திலிருந்து என்னைப் புதுச்சேரிக்குப் படிக்க அனுப்பினார். கல்லூரி வாசல்ல ஒரு எந்திரம், தினமும் என்னையும் கைநாட்டு வைக்கச் சொன்னது!

சனி, ஞாயிறு செங்கல் அறுக்கப் போவேன். திங்கட்கிழமை விரல்ல ரேகை தேய்ஞ்சிருக்கும். எந்திரம் ஏற்காது. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், பதிவில் ‘ஆப்சென்ட்’. 75 சதவீதம் இல்லன்னா பரீட்சை கிடையாது. வாத்தியார் தன் கண்ணை நம்பல, எந்திரத்தை நம்பினார்.

ரேகைக்கு வரலாறு உண்டு. 1897இல் வெள்ளையன் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் திறந்தான். பிறப்பை வைத்தே மனிதரைக் குற்றவாளியாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

எந்திரத்தோடு எனக்குப் பகை இல்லை. எத்தனை பேர் வரலன்னு அது சொல்லும். பஸ் இல்லாமலா, கூலிக்குப் போயா, வகுப்பில் பட்ட அவமானத்தாலா என்று அது கேட்குமா? ரேகை பொருந்தாததால் உரியவருக்கு நலத்திட்டம் மறுக்கப்படக் கூடாதென்று 2018இல் ஆதார் வழக்கில் உச்சநீதிமன்றமே சொன்னது. வருகைக்கு மட்டும் வேறு நியாயமா?

நான் ஒரு நோட்டு போட்டேன். எந்திரம் மறுத்த ஒவ்வொரு நாளும் தேதி, பாடம், பக்கத்தில் இருந்த இருவர் கையெழுத்து. அந்த நோட்டை வச்சு சண்டை போட்டுத்தான் பரீட்சை எழுதினேன். நீங்களும் இன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க. பக்கத்துல இருக்கிறவருக்குக் கையெழுத்துப் போடுங்க.