புதுவை மண்ணில் அடங்கியோர்



ஓர் ஊரின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் ஆவணங்களிலும் தேடுவது வழக்கம். அவ்வூரார் தம் முன்னோரை எங்கே அடக்கினர், அவ்விடங்களை எவ்வாறு பேணினர் என்று தேடுவார் சிலரே. வீரர்க்கு நடுகல்லும் வேந்தர்க்குப் பள்ளிப்படையும் எடுத்த தமிழர்க்கு இத்தேடல் அயலானதன்று.

புதுவை வட்டாரத்தின் மிகப் பழைய அடக்கங்கள் பெயரற்றவை. நகரின் மேற்கேயுள்ள முத்திரப்பாளையத்திலும், அப்பால் சுத்துக்கேணியிலும் பிரெஞ்சு அகழாய்வாளர் கசால் தோண்டியபோது முதுமக்கள் தாழிகளும் கால்கள் அமைந்த சுடுமண் ஈமப்பேழைகளும் வெளிப்பட்டன. அவ்வாய்வு 1956-இல் நூலாயிற்று. அடங்கியவர் குறுநிலத் தலைவரோ குயவரோ, எவராயினும் ஆகுக. உடன் மட்கலம் வைத்து அனுப்பிய உறவினரின் பரிவு இன்றும் புலனாகிறது.

பிரெஞ்சுக்காரர் காலத்துக்கு வருவோமாயின், கடற்கரையில் சிலையாய் நிற்கும் தூப்ளே இங்கே அடங்கவில்லை. அவர் 1763-இல் பாரிசில் வறுமையுற்று மறைந்தார். அவர்தம் படைத்தலைவராய் விளங்கிய புஸ்ஸியோ உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். ஐதராபாத்தில் நிசாம்களை அரியணை ஏற்றிய கை அவருடையது. 1760-இல் வந்தவாசிப் போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, முதுமையில் மீண்டும் இந்தியா வந்து, 1785 சனவரியில் புதுவையில் உயிர் நீத்தார். அவர் பெயரால் அமைந்த தெருவுக்கு லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று புதுப்பெயர் சூட்டியும் மக்கள் நாவில் புஸ்ஸி வீதியே வழங்குகிறது. கல்லறையைக் காணாதவரும் பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர்! துபாசி ஆனந்தரங்கப் பிள்ளைக்கோ 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பே நடுகல்.

கருவடிக்குப்பத்துச் சித்தானந்த சுவாமிகளின் சமாதி கோயிலாகவே வளர்ந்துவிட்டது. அதன் வாயிலில் எரிந்த விளக்கின் ஒளி பாரதியின் பாட்டில் இடம்பெற்றது. 1908 முதல் 1918 வரை புதுவையில் புகலிடம் பெற்ற அக்கவிஞர் 1921-இல் சென்னையில் மறைந்தார். கிருட்டிணாம்பேட்டைச் சுடுகாட்டில் எரியூட்டப்பட்டார். அவர் பாடிய குயில் தோப்பும் கருவடிக்குப்பத்திலேதான் உள்ளது.

வங்கத்தில் பிறந்த அரவிந்தர் 5.12.1950-இல் மறைந்து, நான்கு நாள் கழித்து ஆசிரம முற்றத்து மரநிழலில் அடக்கம் செய்யப்பெற்றார். 1973-இல் அன்னையும் அதே சமாதியில் இடம்பெற்றார். நாள்தோறும் மலர் சாத்தப்பெறும் அவ்விடத்துக்கு வழி கேட்கத் தேவையில்லை, ஊரே காட்டும்.

புதுவையிலே பிறந்த பாவேந்தர் பாரதிதாசனின் அடக்கவிடத்துக்கு அந்நிலை வாய்க்கவில்லை. அவர் 21.4.1964-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் மறைந்தார். உடல் புதுவைக்குக் கொண்டுவரப்பெற்று, மறுநாள் கடற்கரையை அடுத்த பாப்பம்மாள் கோயில் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றது. ஓராண்டு நிறைவில் நகராட்சியினர் அங்கு நினைவு மண்டபம் எழுப்பினர். இத்துணைப் பெருங்கவிஞருக்குத் தனித் தோட்டம் இல்லையே என்று சிலர் வருந்தலாம். அவ்வருத்தம் பொருந்துவதன்று. உழைப்பாளரையும் ஒடுக்கப்பட்டோரையும் பாடியவர், ஊர்மக்கள் அடங்கும் மண்ணிலேயே அடங்கியிருப்பதுதான் தகும். வருந்தத்தக்கது வேறு. பெருமாள் கோயில் தெருவில் அருங்காட்சியகமாய்த் திகழும் அவர் இல்லத்தை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர்கள் இவ்விடுகாட்டுக்கும் அழைத்துச் செல்லுதல் வேண்டும். இடுகாடு என்றால் தீட்டு எனத் தயங்குவது, அத்தகைய எண்ணங்களைக் கடிந்த கவிஞரையே ஒதுக்குவதாகும்.

இலக்கிய வட்டத்தார் செய்யத்தக்க பணியொன்று உண்டு. உப்புக்காற்று கல்லெழுத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. உப்பளத்திலும் பிற இடுகாடுகளிலும் உள்ள தமிழ், பிரெஞ்சுக் கல்வெட்டு வரிகளைப் பெயர், நாள், இடம் எனப் படியெடுத்துத் தொகுக்க இருவர் மூவரும், சில விடுமுறை நாள்களும், ஒரு குறிப்பேடும் போதும். முதற்பக்கத்தைப் பாப்பம்மாள் கோயில் இடுகாட்டிலிருந்தே தொடங்கலாம்.