அப்பாவுக்கு ஒரு சிற்றலை வானொலி



வேலை ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் பெரியவர்கள் பலருக்கு, அந்தக் காலத்துச் சிற்றலை வானொலியை மீண்டும் கேட்க ஆசை. மகனும் அன்போடு ஒரு பெட்டியை வாங்கிக் கொடுக்கிறார். எங்கே திருப்பினாலும் இரைச்சல்தான். "எனக்குத்தான் காது மந்தமாகிவிட்டது" என்று அப்பா அதை அலமாரியில் வைத்துவிடுகிறார். குறை காதில் இல்லை, பெட்டியைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்கிறது.

கடைக்குப் போகும் முன், "என்ன கேட்க ஆசைப்படுகிறீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. சிங்கப்பூர் அனைத்துலக வானொலி 2008-இலும், 'மலேசியாவின் குரல்' 2011-இலும் ஓய்ந்தன. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மின்னல் எஃப்.எம்., ஒலி 96.8 போன்றவற்றை மட்டும் கேட்பவருக்குச் சாதாரண பண்பலை வானொலியே போதும். நியூசிலாந்து, சீனா, ஜப்பான் போன்ற நாடுகளின் குரலைக் கேட்க விரும்புகிறவருக்குத்தான் சிற்றலை.

அப்படியானால் எதை வாங்குவது? "12 பேண்ட்" என்ற எழுத்தையும், டார்ச் விளக்கையும் பார்த்து மயங்க வேண்டாம். அலைவரிசை எண்ணைத் திரையில் காட்டும் டிஜிட்டல் பெட்டியாக இருக்க வேண்டும். எண்களை நேரடியாக அழுத்தும் வசதியும், நிலையங்களைப் பதிவு செய்யும் வசதியும் இருந்தால் முள்ளைத் தேடித் திருப்பும் சிரமம் இல்லை. டெக்சன் பி.எல்.380 இந்த வகையைச் சேர்ந்தது. மூன்று சாதாரண 'ஏஏ' பேட்டரிகளில் ஓடும். அவை எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். அமெச்சூர் வானொலிக்காரர்களின் உரையாடலையும் கேட்க வேண்டுமானால் 'எஸ்.எஸ்.பி.' வசதி தேவை. அது டெக்சன் பி.எல்.330, எக்ஸ்.எச்.டேட்டா டி.808 ஆகியவற்றில் உண்டு. அந்த ஆசை இல்லாதவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நல்ல பெட்டியும் அடுக்குமாடி வீட்டின் நடுக்கூடத்தில் திணறும். கான்கிரீட் சுவர் அலையைத் தடுக்கும், எல்.இ.டி. விளக்கும் கைப்பேசி சார்ஜரும் இரைச்சலைக் கிளப்பும். அவற்றை அணைத்துவிட்டு, பேட்டரியில் இயக்கி, சன்னலோரம் வைத்துப் பாருங்கள். ஐந்தாறு மீட்டர் உறையிட்ட கம்பியை ஏரியலில் மாட்டி, வீட்டுக்குள்ளேயே சன்னலையொட்டிக் கட்டினால் ஒலி தெளியும். இடி மின்னல் வேளையில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

நேரமும் முக்கியம். பகலில் 13 முதல் 17 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், இரவில் 6 முதல் 10 வரையிலும் தேடினால் பலன் அதிகம். நண்பகலில் 6 மெகாஹெர்ட்ஸில் தேடிவிட்டுப் பெட்டியைக் குறை சொல்லக்கூடாது.

வாங்கிக் கொடுத்ததோடு பிள்ளையின் கடமை முடிந்துவிடாது. ஒரு மாலை அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து, தெளிவாகக் கேட்கும் நான்கைந்து நிலையங்களைப் பதிவு செய்து, அவற்றின் எண்ணையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். அதன் பிறகு அந்தப் பெட்டி அலமாரிக்குப் போகாது.