புகையைப் பிடிப்போர் கணக்குக் காட்டட்டும்



இலங்கையின் மின்சாரத்தில் பெரிய பங்கு தருவது நுரைச்சோலை. 900 மெகாவோட் நிலக்கரி நிலையம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆளி போடும்போது, புத்தளத்துக் கடற்கரையில் புகை எழுகிறது. அந்தப் புகையைப் பற்றிப் பேச எங்களுக்கும் கடமை உண்டு.

கடலுக்கு அக்கரையில், தூத்துக்குடியில், 2016 இல் ஓர் இரசாயனத் தொழிற்சாலை தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையைப் பிடிக்கத் தொடங்கியது. புகை கோபுரத்துக்குள் ஏறும். மேலிருந்து ஒரு கரைசல் மழைபோல இறங்கும். காபனீரொட்சைட்டு அதில் சேரும். கரைசலைச் சூடாக்க, வாயு பிரியும். அதைக் கொண்டு சலவைச் சோடா செய்தார்கள். ஆண்டுக்கு 60,000 தொன் காபனீரொட்சைட்டைப் பிடிப்பதே இலக்கு. அந்த முயற்சியை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால், எங்கள் உறவுகள் வாழும் கனடாவையும் பாருங்கள். அங்கே பவுண்டரி டாம் நிலக்கரி மின்நிலையம் 2014 இல் இதே வேலையைப் பெரிதாகத் தொடங்கியது. ஆண்டுக்கு 10 இலட்சம் தொன் பிடிப்போம் என்றார்கள்; பல ஆண்டுகள் எட்டவில்லை. கரைசலைச் சூடாக்கவே நிலையத்தின் சக்தியில் கணிசமான பங்கு செலவானது. பிடித்த வாயுவில் பெரும்பகுதி, மேலும் எண்ணெய் எடுக்க எண்ணெய்க் கிணறுகளுக்குள் போனது.

நாளை எவராவது வந்து, "வாயுவை இங்கே நிலத்துக்கடியில் புதைப்போம்" என்றால், அவரை எங்கள் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றடிக்குக் கூட்டிச் செல்லுங்கள். காபனீரொட்சைட்டு கலந்த மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்துத்தான் அந்தக் கிணறு பிறந்தது. வற்றாத ஆறில்லாத எங்களுக்கு அந்தக் கல்தான் தண்ணீர்த் தொட்டி. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, வாளித் தண்ணீரை மோந்து பார்த்துக் கொட்டிய தாய்மார் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். மண்ணுக்குள் போனது திரும்பி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தூத்துக்குடியில் புகையைப் பிடிக்கத் தொடங்கிய அதே 2016 இல், திருகோணமலையின் சம்பூரில் அமைக்கவிருந்த நிலக்கரி மின்நிலையத் திட்டம் கைவிடப்பட்டது. எரிக்காத நிலக்கரிக்குப் புகையில்லை. மருந்தைவிட நோய் வராமல் காப்பதே மேல்.

ஆனால், ஏற்கெனவே எரியும் நுரைச்சோலையில் புகையைப் பிடிக்கும் சோதனை நடக்கட்டும். அதற்கு நான் எதிரி அல்ல. எவ்வளவு பிடித்தோம், எவ்வளவு மின்சாரம் செலவானது, வாயு எங்கே போனது என்ற மூன்று கணக்கையும் மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் ஊரறிய வைக்க வேண்டும். மாணவச் செல்வங்களே, அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் அறிவை நீங்கள் தேடிக்கொள்ளுங்கள். எங்கள் கிணறுகளை உங்களை நம்பித்தான் விட்டுச் செல்கிறோம்.