அளவுகோல் யார் கையில்?



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேலையளவு. ஒரு நாள் கூலியைப் பெறுவதற்கு ஒருவர் எவ்வளவு வேலையைச் செய்து முடிக்க வேண்டும் என்று வரையறுக்கும் எண்ணையே அச்சொல்லால் குறிக்கிறேன். தோட்டங்கள் சூழ்ந்த இச்சாஆ வட்டாரத்தில் அதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. பால்மரம் வெட்டியவர்க்கு எத்தனை மரம், செம்பனைக் குலை வெட்டியவர்க்கு எத்தனை குலை என்பது அன்றாடக் கணக்கு. கூலியைக் குறைத்தால் ஊரே அறியும். வேலையளவைக் கூட்டினாலோ, அதனை முதலில் அறிவது தொழிலாளியின் முதுகெலும்புதான்.

தொழிலாளரின் பெயராலேயே நடந்த ஓர் ஆட்சியில் இந்த எண் என்ன செய்தது என்பதைக் காண்போம். 1949இல் அமைந்த கிழக்கு ஜெர்மனியைப் பொதுவுடைமைக் கட்சியினர் ஆண்டனர். ஆலைகளும் கட்டுமானப் பணிகளும் பெரும்பாலும் அரசின் உடைமை. 'உடைமை உங்களுடையது, ஆகவே உழைப்பைக் கூட்டுவது உங்களுக்கே நன்மை' என்பது ஆட்சியாளரின் வாதம். அதற்கு முன்மாதிரிகளும் காட்டப்பட்டன. சோவியத் ஒன்றியத்தின் ஸ்தகானவ் என்னும் சுரங்கத் தொழிலாளி 1935ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரே பணிமுறையில் 102 டன் நிலக்கரி வெட்டினார். வரையறுக்கப்பட்ட அளவோ 7 டன். அவருக்குத் துணையாட்கள் இருந்ததும், அவருக்காகவே எல்லா ஏற்பாடுகளும் செய்யப்பட்டிருந்ததும் மேடைகளில் பேசப்படவில்லை. ஒருவருடைய சாதனை மறு ஆண்டே மற்றவர்களின் வேலையளவை உயர்த்துவதற்குக் காரணமாயிற்று.

1953ஆம் ஆண்டு மே மாதம், கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சி வேலையளவைக் குறைந்தது 10 விழுக்காடு உயர்த்த முடிவு செய்தது. மாணவர்கள் இதனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நேற்றுவரை 100 செங்கல் அடுக்கி முழுக் கூலி பெற்றவர், இனி 110 அடுக்க வேண்டும். அதே 100 அடுக்கினால் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 91 பங்கே. அளவை மிஞ்சி உழைத்து ஊக்கத்தொகை பெற்றுவந்தவர்க்கு அத்தொகையும் கரைந்தது. கூலி விகிதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வீட்டுக்குச் சென்ற பணம் குறைந்தது.

ஜூன் மாதம் அரசு விவசாயிகளுக்கும் சிறு வணிகர்களுக்கும் பல சலுகைகளை அறிவித்தது. வேலையளவு மட்டும் தளர்த்தப்படவில்லை. ஜூன் 16ஆம் நாள், தொழிற்சங்கத்தின் சொந்த நாளேடே உயர்வு சரியென்று எழுதியது. தங்களுக்காகப் பேச வேண்டிய வாய் எதிர்ப்பக்கம் பேசியதைக் கண்ட தொழிலாளர் தாமே தெருவில் இறங்கினர். பெர்லினின் ஸ்டாலின் பெருஞ்சாலையில் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தோர் அன்று அமைச்சகங்களின் மாளிகை நோக்கி நடந்தனர். அன்றே உயர்வு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது. மறுநாள் நாடெங்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் வேலைநிறுத்தமும் ஊர்வலமும் நடந்தன. சுதந்திரத் தேர்தல் வேண்டும் என்னும் குரல் எழுந்தது. சோவியத் பீரங்கி வண்டிகள் வந்தன. குறைந்தது 55 பேர் உயிரிழந்தனர்.

பத்து விழுக்காட்டுச் சிக்கல் இரண்டே நாளில் ஆட்சியைப் பற்றிய கேள்வியாக வளர்ந்தது ஏன்? அளவை நிர்ணயித்தவர், கூலி கொடுத்தவர், குறைகேட்க வேண்டிய சங்கத்தை நடத்தியவர் ஆகிய மூவரும் அங்கே ஒருவரே. முறையிட வேறு வாசல் இல்லாத இடத்தில் ஒவ்வொரு சிறு முறையீடும் அரசுக்கெதிரான முறையீடாகவே முடியும்.

இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட இயலாது. கேரளத்தின் மூணாற்றில் தேயிலை பறிப்போருள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அங்குப் பொதுவுடைமை ஆட்சி அப்போது இல்லை, தோட்டமும் அரசுடைமையன்று. ஆயினும் 2015 செப்டம்பரில், போனஸ் குறைக்கப்பட்டபோது, இடதுசாரிச் சங்கங்கள் உட்பட எல்லாச் சங்கங்களையும் ஒதுக்கிவைத்து அப்பெண்கள் தாமே சாலையில் அமர்ந்தனர். 'பொம்பிளை ஒருமை' என்று அவ்வெழுச்சி பெயர் பெற்றது. போனஸ் கோரிக்கை வென்றது. அடுத்த மாதம் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாயிற்று. அதனுடன், நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் குறைந்த அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாயிற்று.

மீண்டும் கணக்கிடுவோம். கூலி ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அக்குறைந்த அளவைக் கொண்டு வகுத்தால், ஒரு கிலோவுக்குரிய கூலி 11 ரூபாய் 5 காசிலிருந்து 12 ரூபாய் 4 காசாக, அதாவது 9 விழுக்காடே உயர்ந்தது. செய்தித்தாளின் தலைப்பு முதல் எண்ணைச் சொல்லும். கொழுந்துக் கூடையின் பாரம் இரண்டாவது எண்ணைச் சொல்லும். இலங்கை மலையகத்தில் குறித்த அளவை எட்டாதவர்க்கு விழும் பாதிக் கூலியை 'அரைப்பேர்' என்பர். நாள் முழுதும் நின்று உழைத்தவர் கணக்கேட்டில் பாதி மனிதராகப் பதிவாகிறார் என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது.

வேலைக்கு அளவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அளவின்றிக் கூலியும் இல்லை, நியாயமும் இல்லை. அளப்பவரிடம் 'இது மிகை' என்று சொல்லும் உரிமை அளக்கப்படுபவர்க்கு இருத்தல் வேண்டும். அதனைக் கேட்டு எடுத்துரைக்கும் சங்கம் இருத்தல் வேண்டும். முதலாளியின் தோட்டமாயினும் தொழிலாளர் பெயரால் நடக்கும் அரசாயினும் இந்த உரைகல் ஒன்றே.

மாணவச் செல்வங்களே! பெரட்டு, நிரை, கிராணி, மங்கு, ஒட்டுப்பால் என்னும் சொற்களை உங்கள் பாட்டன் பாட்டியர் இன்னும் அறிவர். அவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். எழுதும்போது 'எவ்வளவு சம்பளம்?' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 'அதற்கு எத்தனை மரம்? அந்த எண்ணைச் சொன்னவர் யார்? கூடாதென்று சொன்னவருக்கு என்ன நேர்ந்தது?' என்றும் கேளுங்கள். அந்த விடைகளும் சேர்ந்தால்தான் தோட்ட வரலாறு முழுமை பெறும்.