கதவைச் சாத்திக்கொள்ளும் நோய்

(யூபிலி விழாவின் குடும்ப நாளன்று ஆற்றிய உரை)



யூபிலி விழாவின் குடும்ப நாளில், நோயுற்ற பிள்ளைகளையுடைய குடும்பங்களைப் பற்றிப் பேசும்படி பங்குப் பேரவையார் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நோய்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். அது இளம் வயதினரைத் தாக்கும் குடல் நோய். இதையெல்லாம் மேடையில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த முகச் சுளிப்பே நோயின் பாதிப் பாரம் என்பது நமது எண்ணம். ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் தெருவே திரண்டு வந்து விசாரிக்கிறது. கால் முறிந்த பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்து, வருவோர் போவோரிடமெல்லாம் கதை சொல்கிறோம். குடலில் நோய் என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். “அவனுக்கு வயிறு சரியில்லை” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

குற்றால மலையடிவாரத்தில் வாழும் நமக்கு வயிற்றுக் கோளாறு புதிதன்று. ஆனி, ஆடியில் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் அலைமோதும். கண்ட இடத்தில் தண்ணீர், கண்ட நேரத்தில் புரோட்டா. இரண்டு நாள் வயிற்றோட்டம், பிறகு சுகம். இதைப் பார்த்துப் பழகிவிட்டதால், வீட்டுப் பிள்ளை ஒரு மாதமாக மெலிந்துகொண்டே போனாலும் “சீசனில் எல்லாருக்கும் இருப்பதுதான்” என்று விட்டுவிடுகிறோம். பிறகு குடலேற்றம் தட்டுகிறோம். தொக்கம் எடுக்கிறோம். கண்ணேறு கழிக்கிறோம். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். இப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

ஆகவே முதலில் சில அடையாளங்களைச் சொல்லிவிடுகிறோம். வயிற்றுப்போக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் நீடிப்பது, மலத்தில் இரத்தம் அல்லது சளி காண்பது, இரவில் தூக்கத்தைக் கலைத்து வெளிக்குப் போகச் செய்வது, எடை குறைவது, வளர வேண்டிய வயதில் வளர்ச்சி நின்றுபோவது, அதனோடு காய்ச்சல், மூட்டு வலி, வாய்ப்புண் வருவது. இவை இருந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியாமல், கடும் வலியோடு பிள்ளை துடித்தால், அன்றே, அந்த வேளையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்நேரம் வயிற்றைத் தட்டவும் தடவவும் கூடாது.

நீண்ட நாள் வருத்தும் குடல் நோய்களில் மூன்றை நம் மக்கள் தெரிந்திருத்தல் நலம். ஒன்று, குடல் காசநோய். காசநோய் நெஞ்சுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். அது குடலையும் பற்றும். இரண்டாவது, பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். மூன்றாவது, க்ரோன் நோய். 1932-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் க்ரோன் என்பவரும் அவருடைய தோழர் இருவரும் இதை விவரித்து எழுதியதால் இப்பெயர் பெற்றது. பின்னைய இரண்டிலும், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. இவை பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்குகின்றன. இவ்விரண்டும் ஒட்டுவாரொட்டி நோய்கள் அல்ல. தாயின் சமையலால் வந்தவை அல்ல. செய்வினையும் அல்ல, முன்னோர் பாவமும் அல்ல.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குடல் காசநோயும் க்ரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தையே இரண்டும் அதிகமாகப் பற்றும். குழாய் விட்டு உள்ளே பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகும் சில வேளைகளில் உறுதி கூற முடிவதில்லை. அப்போது காசநோய் மருந்தை முதலில் கொடுத்து, சில மாதங்கள் கழித்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். காசநோய் இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்நோய் பரவிவிடும் என்பதே இதற்குக் காரணம். குடும்பத்தாருக்கு இது விளங்குவதில்லை. “ஒரு டாக்டர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்” என்று சலித்து, தென்காசியிலிருந்து பாளையங்கோட்டைக்கும், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கும், பிறகு வேலூருக்கும் அலைகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதில் தவறில்லை. பழைய சீட்டுகளை வீட்டில் போட்டுவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் புதிதாகத் தொடங்குவதே தவறு.

பழைய நோய் கணக்கில் வராமற்போனால் என்ன நேரும் என்பதற்கு, நமது தமிழ்நாட்டிலேயே பெரியதொரு சான்று உண்டு. கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படிக்கச் சென்றபோது சீதபேதி கண்டு வீடு திரும்பினார். தேறிவிட்டார் என்றே யாவரும் கருதினர். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1917-இல் அங்கே கடும் நோயில் விழுந்தார். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. உடல் மெலிந்தது. மருத்துவர்கள் வயிற்றுப் புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள். ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். 1919 மார்ச்சில் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 32.

1994-ஆம் ஆண்டில் டி. ஏ. பி. யங் என்பவர், எஞ்சியிருந்த குறிப்புகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பழைய சீதபேதியின் அமீபாக் கிருமி உடலில் தங்கியிருந்து, பல ஆண்டுகளுக்குப் பின் ஈரலைப் பற்றியிருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அமீபா நோய்க்கு எமெட்டின் ஊசியை லெனார்டு ரோஜர்ஸ் கல்கத்தாவில் 1912-இலேயே கையாண்டு காட்டியிருந்தார். அப்படியானால் மருந்து இருந்தது. நோய்தான் அடையாளம் காணப்படவில்லை. இறந்தவருக்குப் பின்னாளில் செய்யும் கணிப்பை முடிந்த முடிபாக நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஒரு பாடம் நிற்கிறது. எப்போதோ வந்த சீதபேதி, வீட்டில் யாருக்கோ இருந்த காசநோய், தின்ற நாட்டு மருந்து ஆகிய எதையும் மருத்துவரிடம் மறைக்கலாகாது, மறக்கவும் கூடாது.

இராமானுஜன் வீட்டிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. அவருடைய தாய் கோமளத்தம்மாளுக்கும் இளம் மனைவி ஜானகிக்கும் மனத்தாங்கல் இருந்தது. கடல் கடந்து நோயுற்றுக் கிடந்தவருக்கும் மனைவிக்கும் இடையே கடிதப் போக்குவரத்தும் சரிவர நடக்கவில்லை. தாய் மகனை உயிராக நேசித்தவர், மனைவியும் அவ்வாறே. ஆனால் இருவர் அன்பும் ஒரே கட்டிலின் இரு பக்கமாக இழுத்தது. கடைசி ஓராண்டில் ஜானகி அம்மாள் அவருகே இருந்து, வேளை தவறாமல் சோறும் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து, வலி கண்டபோது வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அவர் 1994 வரை வாழ்ந்தவர். தாமும் இங்கிலாந்துக்கு உடன் சென்றிருந்தால் இப்படிக் கவனித்திருக்கலாமே என்ற ஏக்கம் முதுமையிலும் அவரை விடவில்லை.

நம் வீடுகளிலும் இதே இழுபறியைக் காண்கிறோம். “உன் வீட்டு வழியில் வந்த நோய்” என்று மாமியார் சொல்கிறார். “நீங்கள் கொடுத்த கண்டதும் கடியதும்தான்” என்று மருமகள் சொல்கிறார். நடுவில் அந்தப் பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அக்காளுக்குச் சம்பந்தம் பேசும் காலமானால் நோய்ப் பேச்சே எழக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிடுகிறார்கள். அவன் பள்ளிக்குப் பஸ்ஸில் போக அஞ்சுகிறான். வழியில் கழிப்பறை எங்கே என்பதே அவன் கவலை. நண்பர்களோடு அருவிக்குப் போவதில்லை. “சோம்பேறி” என்று அவனுக்குப் பெயராகிவிடுகிறது. உடல் நோயைத் தாங்கிக்கொள்ளும் பிள்ளை, இந்தப் பெயரைத் தாங்க முடியாமல் உடைந்துபோகிறான்.

எனவே குடும்பத்தார்க்குச் சில சொற்கள்.

முதலாவதாக, வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் தாயின் தலையில் விழலாகாது. ஒருவர் மருத்துவச் சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைக்கட்டும். ஒருவர் ஆஸ்பத்திரிக்கு உடன் போகட்டும். மாமனோ சித்தப்பாவோ மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கட்டும். அவர்களும் பிள்ளைகளே என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவதாக, மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. சொன்ன மாதங்கள் முழுவதும் அதை உண்ண வேண்டும். க்ரோன் நோயும் கொலைட்டிஸும் அடங்கியும் எழும்பியும் பல்லாண்டுகள் உடன் வருபவை. சுகமாயிருக்கும் காலத்திலும் மருந்து தேவை. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. இன்று முன்னிலும் நல்ல மருந்துகள் வந்துள்ளன. படித்து, வேலை பார்த்து, மணம் முடித்து வாழ்பவர் பலர் உண்டு. சிலருக்கு அறுவை செய்து வயிற்றில் பை பொருத்த நேரிடும். அந்தப் பை வெட்கத்துக்குரியதன்று. பிள்ளையை மீண்டும் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் அனுப்பிவைப்பது அதுவே.

மூன்றாவதாக, அவனிடம் கேளுங்கள். எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவனுக்கே தெரியும். உறவினர் வரும்போது அவன் மல விவரத்தைக் கூடத்தில் வைத்துப் பேசாதீர்கள். மறைப்பது வேறு, மானத்தைக் காப்பது வேறு. யாருக்கு எவ்வளவு சொல்வது என்பதை அவனோடு கலந்து முடிவு செய்யுங்கள். சம்பந்தம் பேசும் வீட்டாரிடம் பொய் சொல்லித் தொடங்கும் உறவு நிலைப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பங்குச் சமூகத்துக்கும் கடமை உண்டு. நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு காக்க வேண்டியதில்லை என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமே கூறுகிறது. தவக்கால நோன்பும் நோயாளியைக் கட்டுப்படுத்தாது. ஆகவே மருந்து உண்ணும் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கோவிலுக்கு அழைத்து வராதீர்கள். அவனுக்காக நேர்ந்துகொண்டு, வேளாங்கண்ணிக்கு அவனையே நடக்க வைக்காதீர்கள். நோயில் பூசுதல் சாகும் வேளைக்கு மட்டும் உரியதன்று. பெரிய அறுவைக்கு முன்னும் கேட்கலாம். திருப்பலி நடுவில் ஒரு வாலிபன் எழுந்து வெளியே போனால் திரும்பிப் பார்க்காதீர்கள். யூபிலி நினைவாகக் கொடிமரமும் கெபியும் கட்டுகிறோம், மகிழ்ச்சி. அவற்றோடு, தண்ணீர் வசதியுள்ள, பூட்டுப் போடாத ஒரு கழிப்பறையும் கோவில் வளாகத்தில் வேண்டும். ஒரு நோயாளிக்கு அது செய்யும் உபகாரம் பெரிது.

நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை நாமெல்லாரும் அறிவோம். கைப்பொருளையெல்லாம் வைத்தியருக்குக் கொடுத்துத் தீர்த்தவள். வெளியே சொல்ல முடியாத நோய். ஆகையால் கூட்டத்தில் மறைந்து, பின்னாலிருந்து வந்து ஆடையைத் தொட்டாள். குணமான பிறகும் ஆண்டவர் அவளை அப்படியே போகவிடவில்லை. நின்று, தேடி, அவள் தன் கதையை எல்லார் முன்னும் சொல்லக் கேட்டு, மகளே என்று அழைத்தார். இனி அவள் ஒளிந்து வாழ வேண்டியதில்லை.

இன்று வீடு திரும்பியதும், உங்கள் குடும்பத்தில் இவ்வாறு துன்புறும் பிள்ளை உண்டென்றால், அவனருகே சிறிது நேரம் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம். “உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள். இத்தகைய குடும்பங்கள் அனைத்துக்கும் இறைவன் உடல் நலமும் மன உறுதியும் அருள்வாராக.