லேப்டாப் ஆன் ஆகவில்லையா? கடைக்குக் கொடுக்கும் முன்…

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்துக்குப் பிறகு, குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். டீ வருவதற்குள் நானும் முடித்துவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருநாள் காலை, என் லேப்டாப் கம்பெனி லோகோவோடு நின்றுவிட்டது. பதற்றத்தில் கடையில் கொடுத்தேன். மதியம் போன் வந்தது. "சார், ஃபார்மட் பண்ணாத்தான் சரியாகும். பண்ணிடலாமா?" மீட்டிங்கில் இருந்தேன். "பண்ணிடுங்க" என்றேன். மாலையில் லேப்டாப் புதுசு போல ஓடியது. ஆனால் என் அப்பா கடைசி வருடத்தில் சொல்லச் சொல்ல நான் பதிவு செய்த ஊர்க்கதைகள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு காப்பி கிடையாது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டார், நான்தான் யோசிக்கவில்லை.

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான்: லேப்டாப் கிளம்பவில்லை என்பதற்காக உள்ளே இருப்பது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

1. விளக்கே எரியவில்லை

சுவர் பிளக்கில் வேறு எதையாவது மாட்டி, கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். டைப்-சி லேப்டாப் என்றால், மாட்டியிருப்பது போன் சார்ஜரா என்றும் பாருங்கள். 20 வாட் போன் சார்ஜர், 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்குப் போதாது. எல்லாம் சரி என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மாட்டி, அரை மணி நேரம் விட்டு, ஆன் செய்யுங்கள். பல லேப்டாப்புகள் இதிலேயே எழுந்துவிடும்.

2. விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் மெஷின் ஓடுகிறது, கோளாறு திரைப் பக்கம் இருக்கலாம். எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்துப் பாருங்கள். படம் வந்தால் உடனே ஃபைல்களை பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். பீப் சத்தமோ விளக்குச் சிமிட்டலோ வந்தால் எத்தனை முறை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அது மெக்கானிக்குப் பெரிய துப்பு.

3. லோகோவோடு நிற்கிறது

பென் டிரைவ், மெமரி கார்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அப்டேட் ஓடுவதாகத் திரையில் இருந்தால் அணைக்காமல் பொறுத்திருங்கள். அப்படி இல்லை என்றால், லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸ் தானே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' முயலலாம். 'ரீசெட்' பக்கம் மட்டும், ஃபைல்களை எடுக்கும் வரை போகாதீர்கள்.

தொடவே கூடாத நேரங்கள்

தண்ணீரோ காபியோ கொட்டியிருந்தால் ஆன் செய்து பார்க்காதீர்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் மீட்க முடிந்ததும் போய்விடும்.

கடைக்குக் கொடுக்கும்போது, "டேட்டா வேணும். என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை. புது லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க பிட்லாக்கர் சாவி எண் வேண்டும். அது இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலும் திறக்காது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். இரண்டாவது, இழக்கவே முடியாதது எதுவோ, அதை மட்டுமாவது இன்னோர் இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

லேப்டாப் இன்னொன்று வாங்கலாம். அப்பாவின் குரலை வாங்க முடியாது.

டீ வந்துவிட்டது.