பெயர்ப்பலகை இல்லாத காணிக்கை
(உபகாரிகள் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)

தூரத்துச் சபைகளிலிருந்து பஸ் பிடித்து, சிலர் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த மருத்துவமனையைத் தாங்கிவரும் உங்களுக்கு முதலாவது நன்றி. சாப்பாடு தயாராகிவிட்டது என்று சமையற்கூடத்திலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் வார்டுகளைச் சுற்றிப் பார்த்தீர்கள். கட்டில்களின் தலைமாட்டிலும் சில கருவிகளின் மேலும் இன்னார் நினைவாக இன்னார் கொடுத்தது என்று சிறு தகடுகள் இருக்கின்றன. தங்கள் தாயார் பெயரைத் தேடிப் பார்த்து ஒரு சகோதரி கண் கலங்கியதைக் கண்டேன். அது நியாயமானதே. ஆனால் எந்தத் தகடும் அடிக்க முடியாத ஒரு செலவு இங்கே உண்டு. அது ஊழியர்களுக்கு நாம் கொடுக்கும் பணியிடைப் பயிற்சி. வார்டு வேலையிலிருந்து ஒரு மூத்த நர்ஸை முழுவதுமாக விடுவித்து, கற்பிக்கிற பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறோம். அவருடைய சம்பளத்துக்கென்று யாரும் காணிக்கை அனுப்புவதில்லை. வரும் வருஷம் அந்தப் பொறுப்பை எடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாமா என்ற யோசனை இப்போது நிர்வாகக் குழுவின் முன் இருக்கிறது. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

அந்த வகுப்பு எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். புதன்கிழமை 2 மணி, காலை ஷிப்டு முடிந்து மாலை ஷிப்டு தொடங்குகிற வேளை. ஆயாம்மாக்கள், வார்டு பாய்கள், துப்புரவு செய்கிறவர்கள், சலவைக்கூடத்தார், சில சமயம் வாட்ச்மேன் கூட வருவார். டாக்டருக்கும் நர்ஸுக்கும் மாநாடு உண்டு, புத்தகம் உண்டு. நோயாளிக்கு மிக அருகில் நின்று, அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, அவர் அசுத்தத்தை அள்ளுகிறவர்களுக்கு இந்த ஒரு மணி நேரந்தான் உண்டு.

ஒரு நாள் பாடம் கை கழுவுதல். சிஸ்டர் எல்லாருக்கும் கையுறை மாட்டி, கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் நீலச் சாயம் ஊற்றி, "சோப்புப் போட்டுக் கழுவுற மாதிரி தேய்ங்க" என்றார். ஒரு ஆயாம்மா, இங்கே இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்கிறவர், "சிஸ்டர், கை கழுவ எனக்கா சொல்லிக் குடுக்கிறீங்க?" என்று சிரித்தார். கட்டை அவிழ்த்தபோது அவருடைய உள்ளங்கை முழுவதும் நீலமாயிருந்தது. கட்டை விரல்கள் இரண்டும் வெள்ளையாகவே இருந்தன. விரல் நுனிகளிலும் அப்படியே. அநேகமாக எல்லாருக்கும் விட்டுப்போகிற இடம் அதுதான் என்று சிஸ்டர் சொன்னார். ஆயாம்மா சற்று நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இத்தனை நாளா இந்த விரலோடதான் பச்சப்புள்ளைங்களத் தூக்கினேனா?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. இப்போது பிள்ளைப்பேறு வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் குழாயடிக்கு அழைத்துப்போகிறவர் அவர்தான். யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

இன்னொரு பாடம் கழிவுகளைப் பிரிப்பது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்குப் போகவேண்டும். டிரிப் டியூப், கையுறை போன்றவை சிவப்புக்கு. கண்ணாடிக் குப்பிகள் நீலத்துக்கு. ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைக்காத வெள்ளைப் பெட்டிக்கு. கேட்பதற்கு எளிதாயிருக்கிறது. ஆனால் ஒரேயொரு ஊசி மஞ்சள் பையில் விழுந்துவிட்டால், மறுநாள் அந்தப் பையைத் தூக்குகிறவரின் கையில் அது ஏறும். அந்த ஊசி வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி, ஹெபடைடிஸ் பி, அவர் உடலுக்குள் போகலாம். அதைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு, மூன்று தவணை. அதைப் போட்டுக்கொள்ளும்படி துப்புரவுப் பணியாளர்களைச் சம்மதிக்க வைத்ததும் இந்த வகுப்புதான். சுவரில் ஒட்டுவதற்கு வந்த விளக்கத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. சிஸ்டர் அதை ஓரமாக வைத்துவிட்டு, வார்டில் பேசுகிற தமிழில் தாமே எழுதினார்.

இதைப் பார்த்தபோது எனக்கு டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நினைவு வந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்ததோடு, மாணாக்கரையும் பயிற்றுவித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். படித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க வேலைகளுக்குப் போனார்கள், கிராமங்களோ வைத்தியரில்லாமலே இருந்தன. ஆகவே 1860-களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலம் படித்தால்தான் பிழைப்பு என்று எதிர்ப்பு வந்தது. அவர் விடவில்லை. உடற்கூறு முதலான நூல்களைத் தமிழாக்கி, அவற்றுக்கு வேண்டிய சொற்களையும் உண்டாக்கினார். 1873-இல் தாய்நாடு திரும்பி, 1884-இல் மரித்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே அவருடைய கல்லறைக் கல் சொல்லுகிறது. நம் மிஷன் மருத்துவமனைகளில் கற்பித்தல் என்பது நேற்று முளைத்த நாகரிகமல்ல என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

வேதத்திலும் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்குத் தேவன் பெயர் சொல்லி அழைத்த பெசலெயேல் ஆசாரியனல்ல, கைவேலைக்காரன். பொன், வெள்ளி, மரம், கல் எல்லாவற்றிலும் அவனுக்குத் திறமை கொடுத்ததோடு, பிறருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிற மனதையும் அவனுக்கும் அகோலியாபுக்கும் தேவனே தந்தார் என்று யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த ஒரு வசனத்தை நாம் சீக்கிரம் கடந்துபோய்விடுகிறோம். அப்போஸ்தலர் 18-இல் அப்பொல்லோ நன்றாய்ப் பேசுகிறவர், வேதத்தில் வல்லவர். ஆனாலும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் தெளிவாய் விளக்கினார்கள். ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கிறவருக்குக் கொடுத்த பயிற்சி அது. கொடுத்தவர்களோ கூடாரம் தைக்கிறவர்கள்!

இனி ஒரு கஷ்டமான கேள்விக்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவர் சென்ற வருஷம் எனக்கு எழுதியிருந்தார். "ஐயா, நாம் வயிற்றைக் கட்டிக் கொடுக்கிறோம். நீங்கள் கற்பிக்கிறீர்கள். கற்றவர்கள் துபாய்க்கும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய்விடுகிறார்கள். இது யாருக்காகச் செய்கிற ஊழியம்?" அவர் கோபத்தில் எழுதவில்லை, வேதனையில் எழுதினார். அவர் சொல்வது பொய்யுமல்ல. இங்கே தேறின நர்ஸுகள் போகிறார்கள். டயாலிசிஸ் கருவியை இயக்கக் கற்ற ஒரு தம்பி ஏழு மாதத்தில் போனார். வீட்டில் இரண்டு தங்கைகள், தகப்பனாருக்குக் கடன். அவரை நான் எந்த வசனத்தைச் சொல்லித் தடுப்பேன்?

இத்தனை வருஷம் வேலை செய்யவேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கலாம். சில படிப்புகளுக்கு அது நியாயமே. ஆனால் போய்விடுவார்கள் என்று பயந்து கற்பிக்காமலே வைத்துக்கொள்வது என் மனச்சாட்சிக்கு ஒப்பவில்லை. அப்படிச் செய்தால் போகிறவர் எப்படியும் போவார், தங்குகிறவர் மட்டும் கல்லாதவராய்த் தங்குவார். அந்தக் கையில்தான் நாளைக்கு நீங்களோ நானோ படுத்திருப்போம்.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் நர்ஸுகளுக்கும், 1918-இல் பெண் மருத்துவர்களுக்கும் பள்ளி தொடங்கினார்கள். நோயாளிகள் வாசலில் காத்திருக்கையில் வகுப்பு எடுப்பது சின்ன விஷயமல்ல. மருத்துவப் பள்ளியைப் பல மிஷன்கள் சேர்ந்து தாங்கின. தேறினவர்கள் எல்லாரும் வேலூரிலேயே இருந்துவிட வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை. வெவ்வேறு ஊர் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு அவர்கள் போகவேண்டும் என்பதுதான் நோக்கமே. பெரியவருக்கு இதைத்தான் பதிலாக எழுதினேன். அவர் முழுவதும் ஒத்துக்கொண்டாரா என்று இன்று சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் ஆக்ஸிஜன் செறிவூட்டும் கருவிகளை அன்பாய் அனுப்பினீர்கள். அந்தக் கருவி காற்றை உள்ளே இழுத்து, நைட்ரஜனைப் பிரித்து, ஆக்ஸிஜனைக் கொடுக்கிறது. அதன் பின்புறத்துப் பஞ்சு வடிகட்டியில் தூசி அடைந்துவிட்டால் கருவி திணறும். வாரம் ஒரு முறை கழுவி, நன்றாய் உலர்த்தி மாட்டவேண்டும். ஈரப்பதக் குப்பியின் தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும். இதற்குப் பட்டம் வேண்டாம், சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். நம்முடைய கருவிகள் இன்றும் ஓடுகின்றன. வடிகட்டி கழுவிய தேதி எழுதின நோட்டு ஒன்று ஆண்கள் வார்டில் ஆணியில் தொங்குகிறது. விருப்பமுள்ளவர்கள் போகும்போது பாருங்கள். எழுதுகிறவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவர், கையெழுத்தைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழு வரும் மாதம் கூடுகிறது. காணிக்கைச் சீட்டில் கட்டிலுக்கு, கருவிக்கு, கட்டடத்துக்கு என்று கட்டங்கள் உண்டு. கடைசியில் 'ஊழியர் பயிற்சிக்கு' என்று இந்த முறை ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை வகுப்பைப் பார்க்க வருகிறவர்கள் 2 மணிக்குள் வந்துவிடுங்கள். பாடம் தொடங்கினபின் சிஸ்டர் கதவைச் சாத்திவிடுவார், எனக்கும் திறப்பதில்லை.